ப்ளூபெர்ரிப் போத்துகளுக்கான நாற்றுப் பெட்டி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

நியூ ஜெர்சியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கொல்லையில், முன்பு இருந்தவர்கள் நட்டுவிட்டுப் போன ‘ரூபெல்’ வகை ப்ளூபெர்ரிப் புதர் ஒன்று ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அதிலிருந்து மேலும் சில செடிகளை உண்டாக்கிக்கொள்ளும் ஆசையில், சென்ற பிப்ரவரியில் 45 டாலர் கொடுத்து நாற்றுப் பெட்டி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். 24 குழிகள் கொண்ட தட்டு, இரண்டு காற்றுத் திறப்புகள் உள்ள ஒளிபுகும் மூடி, மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு, வேர் விடத் தூண்டும் ஐ.பி.ஏ. என்ற வேதிப்பொருள் 0.1 விழுக்காடு கலந்த வேர் ஊக்கிப் பொடி, தண்ணீரில் ஊறினால் உப்பிவரும் தென்னைநார் வில்லைகள், ஒரு பக்கக் கையேடு ஆகியவை அதில் இருந்தன.

விதை போட்டால் ப்ளூபெர்ரி தாய்ச்செடியைப் போல வருவதில்லை என்பதால், போத்துதான், அதாவது குச்சியை வெட்டி நட்டு வேர் பிடிக்க வைப்பதுதான், நம்பகமான வழி. இந்த மாநிலத்தின் வைட்ஸ்பாக் பண்ணையில் எலிசபெத் வைட்டும் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கோவிலும் காட்டுச் செடியாக இருந்த ப்ளூபெர்ரியைத் தோட்டப் பயிராக்க 1911 முதல் சேர்ந்து உழைத்து, 1916இல் முதல் விளைச்சலைச் சந்தைக்கு அனுப்பினார்கள். காட்டில் பெரிய பழம் காய்க்கும் புதர்களைக் கண்டு சொன்னவர்களுக்கு வைட் பணம் கொடுத்து, அவர்கள் பெயரையே அந்தப் புதர்களுக்கு வைத்தார். ரூப் லீக் என்பவர் காட்டிய புதர்தான் ‘ரூபெல்’. என் கொல்லையில் நிற்பதும் அந்த ஒற்றைக் காட்டுப் புதரின் கிளைவழி வாரிசு என்பதை எண்ணும்போது, கத்தரிக்கோலை எடுக்கச் சற்றுத் தயக்கமாகவே இருந்தது.

கையேட்டில் சொன்னபடி, முந்தைய ஆண்டு வளர்ந்த குச்சிகளைப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கி, பருத்து உருண்டிருந்த பூ மொட்டுகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, அடிப்பகுதியைப் பொடியில் தோய்த்து வில்லைகளில் செருகினேன். மூன்றே வாரத்தில் எல்லாக் குச்சிகளிலும் பச்சை இலை விரிந்தது. “இலை வந்துவிட்டால் வேர் வந்துவிட்டது என்று கொள்க, இனித் தொட்டிக்கு மாற்றலாம்” என்கிறது கையேடு. நான் மாற்றவில்லை, ஒரு குச்சியை மட்டும் மெல்ல இழுத்துப் பார்த்தேன். வெண்ணெயில் செருகிய கத்தியைப் போல வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அடியில் மரு போன்ற வெள்ளைத் தடிப்பு இருந்ததே தவிர, ஓர் இழை வேர்கூட இல்லை.

இந்தப் பெட்டியின் பெருங்குறை அந்த ஒரு வரிதான். ப்ளூபெர்ரிப் போத்து, தண்டில் சேர்த்து வைத்திருக்கும் உணவைச் செலவழித்து முதலில் இலை விடும். வேர் பிடிக்க இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி இல்லாத அந்த விரிப்பு, மொட்டுகளை இன்னும் அவசரப்படுத்தி, வேர் இல்லாத குச்சிகளை இலைச் சுமையோடு தவிக்க விட்டுவிட்டது. தென்னைநார் வில்லைகளும் உதவவில்லை. கார அமிலத்தன்மை அளவு (pH) 4.5 முதல் 5.2 வரை இருக்கும் புளித்த மண்ணைக் கேட்கும் செடிக்கு அவற்றின் புளிப்பு போதாது என்பதை, நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்க மற்ற இடமெல்லாம் வெளிறிப்போன இலைகள் காட்டிக்கொடுத்தன. மே மாத முடிவில் ஐந்து குச்சிகளே மிஞ்சின.

ஜூன் மாதத்தில் அதே தட்டில் மறுபடியும் முயன்றேன். இம்முறை விரிப்பையும் வில்லைகளையும் ஒதுக்கிவிட்டு, பீட் பாசியும் (சதுப்பு நிலத்தில் மக்கிய, புளிப்பான பாசி) பெர்லைட்டும் (இலேசான வெள்ளை எரிமலைக்கல் மணிகள்) சம அளவில் கலந்து நிரப்பினேன். வளையும் பதத்தில் இருந்த இளந்தண்டுகளை, நுனியில் இரண்டு மூன்று இலைகளை மட்டும் விட்டுச் செருகி, வெயில் நேரே விழாத வடக்குத் திண்ணையில் வைத்தேன். மூடி உண்மையிலேயே நல்ல மூடி என்பது அப்போதுதான் தெரிந்தது. விளிம்பில் இடைவெளி இல்லாமல் பொருந்துகிறது. உள்ளே ஈரம் நாள் முழுதும் நிற்கிறது. ஆனால் திறப்புகளை மூடியே வைத்திருந்த ஒரு வாரத்தில் சாம்பல் பூசணம் பிடித்து இரண்டு தண்டுகள் அழுகின. அதன் பிறகு ஒரு திறப்பைப் பாதி திறந்தே வைத்தேன். செப்டம்பரில் 24இல் 17 தண்டுகள் இழுத்தால் வராமல் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருந்தன. பொடி தோய்த்த பன்னிரண்டில் ஒன்பது, தோய்க்காத பன்னிரண்டில் எட்டு. ஒரு பருவத்துச் சோதனையை வைத்துப் பொடியைப் பழிக்க மாட்டேன். ஆனால் அதற்காகத் தனியாகக் காசு கொடுக்கவும் மாட்டேன்.

இன்னொன்றையும் கையேடு சொல்லாமல் விட்டிருக்கிறது. அமெரிக்காவில் காப்புரிமை நடப்பில் உள்ள புதிய வகைகளை, உரிமையாளரின் அனுமதியின்றிப் போத்து வைத்துப் பெருக்குவது சட்டப்படி காப்புரிமை மீறலாகும். ‘ரூபெல்’ போன்ற பழைய வகைகளுக்கு அந்தத் தடை இல்லை.

தட்டும் மூடியும் தனியே பதினைந்து டாலருக்குள் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். முழுப் பெட்டிக்கு 45 டாலர் தகாது. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரங்கள் கொடுக்கிறேன், இரண்டும் மூடிக்கே. அந்தப் பதினேழு செடிகளும் ஒரு லிட்டர் தொட்டிகளுக்கு மாறி, வெப்பமூட்டாத கார் கொட்டகையில் இலையுதிர்த்து நிற்கின்றன. விரிப்பு இப்போது இட்லி மாவுப் பாத்திரத்தின் அடியில் இருக்கிறது.