குமுளியா, கம்பம்மெட்டா, போடிமெட்டா?

கேரளத்தின் இடுக்கி மலையில், நெடுங்கண்டத்தில் இருக்கும் எங்களுக்குத் தேனி, கம்பம், மதுரை எல்லாமே ‘கீழே’தான். கீழே இறங்க மூன்று வழி. கல்யாணமோ கேதமோ, எந்த வழி என்று சண்டை போடாமல் எங்கள் வீட்டு ஜீப் கிளம்பியதில்லை. அப்பா குமுளிக் கட்சி. பூப்பாறையில் இருக்கும் தங்கச்சி மாப்பிள்ளைக்குப் போடிமெட்டு. எனக்குக் கம்பம்மெட்டு.

அப்பா பக்கம் பழங்கதை பலம். 1887 முதல் 1895 வரை பென்னிகுக் துரை பெரியாறு அணையைக் கட்டியபோது, அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கிய சாமான்கள் மாட்டுவண்டியில் கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து குமுளி மலையில்தான் ஏறின. லோயர் கேம்ப் என்ற பெயரே அணை வேலைக்காரர்களின் முகாம் விட்டுப்போனது. இன்று அது திண்டுக்கல், தேனி, குமுளி, கோட்டயம் வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை 183. பழைய ஆட்கள் வாயில் இன்னும் பழைய எண் 220தான். மலைப்பாதை சின்னதுதான், லோயர் கேம்ப்பிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள், இரைச்சல் பாலம், மாதா கோவில் வளைவு, வழிவிடும் முருகன் என்று எண்ணி முடிப்பதற்குள் இறங்கிவிடலாம். இடைஞ்சல் மலையில் இல்லை, குமுளி ஊருக்குள் இருக்கிறது. செக்போஸ்ட், தேக்கடிக்கு வரும் டூரிஸ்ட் வண்டி, பஸ் ஸ்டாண்ட் எல்லாம் ஒரே கழுத்தில் வந்து நெரியும். இன்னொன்று, இரண்டு மாநிலத்துக்கும் ஆகவில்லை என்றால் முதலில் அடைபடுவதும் இந்தக் கதவுதான். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது தோட்டத்துச் சனங்கள் காட்டுப்பாதையில் நடந்தே கீழே இறங்கினார்கள்.

போடிமெட்டு ஜாதகம் வேறு. தேசிய நெடுஞ்சாலை 85, கொச்சியிலிருந்து மூணாறு, போடி, தேனி, மதுரை வழியாகத் தொண்டிக்கு. முன்பு 49 என்ற எண்ணோடு தனுஷ்கோடி வரை போனது. சுமார் 4,500 அடி உயரத்திலிருந்து அடிவாரத்து முந்தலுக்கு இறங்க 17 கொண்டை ஊசி வளைவு. மூணாறு அந்தக் காலத்தில் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்த ஊர் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. ஆனால் அதன் தேயிலை குண்டளை ரயிலில் டாப் ஸ்டேஷன் போய், அங்கிருந்து ரோப்வேயில் கோட்டகுடிக்கு இறங்கி, போடிக்குத்தான் வந்தது. 1924 வெள்ளம் அந்த ரயிலையும் ஆலுவா பக்கத்துப் பழைய ரோட்டையும் சேர்த்து அழித்தது. 1935இல் நேரியமங்கலத்தில் பெரியாற்றின் மேல் பாலம் திறந்த பிறகு மூணாறு மெல்ல மேற்கே திரும்பிக்கொண்டது.

இப்போது மாப்பிள்ளை கை ஓங்கியிருக்கிறது. மூணாறு–போடிமெட்டு 42 கிலோமீட்டரை அகலப்படுத்தி 2024 தொடக்கத்தில் திறந்துவிட்டார்கள். வேலை நடந்த வருசங்களில் தேவிகுளம் கேப் ரோட்டில் மலையே சரிந்து வந்ததும் உண்டு. போடிக்கு ரயிலும் திரும்பிவிட்டது: 2010 கடைசியில் மீட்டர்கேஜை நிறுத்தினார்கள், 2023 ஜூனில்தான் அகல ரயில் போடியைத் தொட்டது. சென்னை போவதென்றால் நானும் வாயை மூடிக்கொண்டு போடிமெட்டில்தான் இறங்குவேன். மாப்பிள்ளை சொல்லாத ஒன்று: அந்தச் சொகுசு போடிமெட்டு உச்சியோடு சரி. கீழே 17 வளைவும் அதே பழைய அகலம், ஐப்பசி மழையில் எந்த வளைவில் பாறை கிடக்கும் என்று சொல்ல முடியாது.

கம்பம்மெட்டுக்கு தேசிய நெடுஞ்சாலைப் பட்டம் கிடையாது. துரையும் இல்லை, ரயிலும் இல்லை. விடிகாலையில் போய் நின்றால் அதன் கௌரவம் தெரியும். கம்பம், புதுப்பட்டி பக்கத்துப் பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு ஜீப் ஜீப்பாக மேலே வரும், ஏலக்காய் எடுக்க. சாயந்தரம் அதே ஜீப் இறங்கும். புற்றடி, போடி ஏலத்தில் இன்று ஏலக்காய் என்ன விலை போனது என்பது இந்த ஜீப்பில்தான் எனக்குத் தெரியவரும். எங்கள் வீட்டுக் காய்கறி, பெரியம்மா கொடுத்தனுப்பும் முருங்கைக்காய், கொத்தனார், பூசாரி எல்லாம் வருவது இந்த வழி. மூன்றிலும் கிட்ட வழியும் எங்களுக்கு இதுதான். ஏற்றம் செங்குத்து, ஜீப் முதல் கியரை விடாது. கார்த்திகை, மார்கழியில் மட்டும் இந்த வழியை மறந்துவிட வேண்டும். குமுளியில் நெரிசல் ஆகாமல் இருக்கச் சபரிமலை வண்டிகளை இதில் ஏற்றி, திரும்பும்போது குமுளியில் இறக்குவார்கள். மாலை போட்ட சாமிகளின் பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கியே எங்கள் பொழுது போய்விடும்.

நாலாவது வழியாகத் தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டுக்கு ரோடு போட்டால் இந்தச் சண்டைக்கே வேலையில்லை. அதை நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

போன மாசம் கம்பத்தில் ஒரு காதுகுத்து. கிட்ட வழியில் போகலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வழிவிடும் முருகனுக்கு ஒரு ரூபாய் போடாமல் மலை இறங்கினால் அப்பாவுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. குமுளி வழியாகவே சுற்றிப் போனோம். பந்தியில் இரண்டாவது இலைதான் கிடைத்தது.