அம்மாவோட டாக்ஸ் ரிட்டர்ன், லைப்ரரில ஃப்ரீயா பண்ணிக் கொடுத்தாங்க

அம்மாவுக்கு 72 வயசு. போன வருஷம் வரைக்கும் ஒரு டாக்ஸ் ஆபீஸ்லதான் ஃபைல் பண்ணோம், ஒவ்வொரு தடவையும் 200 டாலருக்கு மேல போச்சு, வருமானம்னு பார்த்தா சோஷியல் செக்யூரிட்டி (அமெரிக்க அரசாங்கம் வயசானவங்களுக்கு மாசாமாசம் கொடுக்குறது), ஒரு சின்ன பென்ஷன், கொஞ்சம் பேங்க் வட்டி, அவ்வளவுதான். இந்த வருஷம் பக்கத்து லைப்ரரில டிசிஇ சென்டர் நடக்குதுன்னு தெரிஞ்சு கூட்டிட்டுப் போனேன். டிசிஇன்னா ஐஆர்எஸ், அதாவது அமெரிக்க வருமான வரித் துறை, நடத்துற ப்ரோகிராம், டாக்ஸ் கவுன்சிலிங் ஃபார் தி எல்டர்லி, 60 வயசு தாண்டினவங்களுக்கு முதலிடம். இந்த மாதிரி சென்டர்கள்ல நிறைய, ஏஏஆர்பிங்கிற பெரியவங்களுக்கான அமைப்போட ஃபவுண்டேஷன் நடத்துற டாக்ஸ்-எய்ட் சென்டர்தான், அதுக்கு ஏஏஆர்பி மெம்பரா இருக்கணும்னு கூட இல்ல.

வெயிட்டிங் இருக்கு, அதை முதல்லயே சொல்லிடறேன். 11 மணி அப்பாயின்ட்மென்ட், கூப்பிடும்போது 11:40. ஆனா உட்கார்ந்ததுக்கு அப்புறம் அவசரமே இல்ல. வாலன்டியரா வந்த ஒரு ரிட்டயர்டு டீச்சர் அம்மா, எங்கம்மா வயசுதான் இருக்கும், ஒவ்வொரு பேப்பரையும் எடுத்து இது என்ன, இது எதுக்குன்னு அம்மாகிட்டயே கேட்டுக் கேட்டு எழுதினாங்க. நான் பதில் சொல்லப் போனா "அவங்களே சொல்லட்டும்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. இதுக்கு முன்னாடி யாரும் அம்மாவைப் பார்த்துக் கேட்டதே இல்ல, எல்லாரும் என்னைத்தான் பார்ப்பாங்க.

போன வருஷ ரிட்டர்னைப் பக்கத்துல வச்சு ஒத்துப் பார்க்கும்போதுதான் ஒரு விஷயம் சிக்குச்சு. அம்மா சோஷியல் செக்யூரிட்டில இருந்து டாக்ஸ் பிடிச்சுக்கச் சொல்லி எப்பவோ எழுதிக் கொடுத்திருந்தாங்க, அந்தத் தொகை சோஷியல் செக்யூரிட்டிலருந்து வருஷா வருஷம் வர்ற எஸ்எஸ்ஏ-1099 ஃபார்ம்ல 6வது பாக்ஸ்ல இருக்கு, போன வருஷம் காசு வாங்கிட்டு பண்ணவங்க அதை ரிட்டர்ன்ல சேர்க்கவே இல்ல! 1040-எக்ஸ்ங்கிற திருத்த ஃபார்ம் போட்டுச் சரி பண்ணலாம், பொதுவா மூணு வருஷம் டைம் இருக்குன்னு சொல்லி அதையும் அங்கேயே பண்ணிக் கொடுத்தாங்க. முடிஞ்சதும் இன்னொரு வாலன்டியர் வந்து முதல்ல இருந்து செக் பண்ணார், இந்த ரெண்டாவது செக் எல்லாருக்கும் கட்டாயமாம். 65 தாண்டினவங்களுக்கு 2025ல இருந்து 2028 வரைக்கும் வர்ற 6,000 டாலர் டிடக்‌ஷனும் போட்டாங்க (தனி ஆளுக்கு வருமானம் 75,000 டாலரைத் தாண்டினா அது குறைய ஆரம்பிக்கும்). ரிட்டர்ன் பெரியவங்களுக்கான ஃபார்ம் 1040-எஸ்ஆர்ல, எழுத்து பெருசா இருந்ததால அம்மா கண்ணாடி போட்டுட்டு முழுசா படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டாங்க.

எல்லாத்தையும் அவங்க பண்ண மாட்டாங்க. ஊர்ல இருக்குற எஃப்டி பத்திக் கேட்டேன், வெளிநாட்டு அக்கவுன்ட் எல்லாம் சேர்த்து வருஷத்துல எப்பவாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தா எஃப்பார்ங்கிற (FBAR) வெளிநாட்டு அக்கவுன்ட் ரிப்போர்ட் தனியா ஃபைல் பண்ணணும், அது எங்க வேலை இல்லன்னு தெளிவா சொல்லிட்டாங்க. வீடு வாடகைக்கு விட்டிருந்தாலும் பெரும்பாலும் வெளியதான் பார்க்கணும். தெரியாததைத் தொடாம விட்டது எனக்குப் பிடிச்சுது.

கிளம்பும்போது அம்மா 20 டாலரை நீட்டினாங்க, தொடவே இல்ல, வாங்கக் கூடாதுன்னு ரூல். அப்போ செலவு எப்படின்னு கேட்டேன். 1978 சட்டத்துல வந்த கிரான்ட்டாம், ஐஆர்எஸ் லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்குக் கொடுக்குது, அதுல வாலன்டியருக்கு சம்பளம் கிடையாது, பெட்ரோல், சாப்பாடு மாதிரி கைச்செலவுதான் திரும்ப வரும். வாலன்டியர்களும் டெஸ்ட் எழுதி பாஸ் பண்ணாத்தான் ரிட்டர்ன் போட விடுவாங்க. குறைஞ்ச வருமானக்காரங்களுக்கான வீட்டா (VITA)ங்கிற இன்னொரு ஐஆர்எஸ் ப்ரோகிராமோட கிரான்ட்ல அமைப்பு சமமா காசு போடணும், டிசிஇல அந்தக் கட்டாயம் இல்ல. கிரான்ட்டுக்கு அப்ளிகேஷன் வழக்கமா மே மாசம் வாங்குவாங்க. நம்ம ஆளுங்க நடத்துற அமைப்புகள்ல தமிழ்ல பேசத் தெரிஞ்ச ரிட்டயர்டு அக்கவுன்டன்ட்கள் எத்தனை பேர் இருக்காங்க, இங்கிலீஷ் வராததாலயே பேப்பரைக் கவர்ல போட்டு மூடி வச்சிருக்குற பெரியவங்க எத்தனை பேர், தயவுசெஞ்சு யாராவது இதை எடுத்து நடத்துங்க.

போறவங்க ஃபோட்டோ ஐடி, சோஷியல் செக்யூரிட்டி கார்டு, வருமானம் காட்டுற எல்லா 1099 ஃபார்மும், போன வருஷ ரிட்டர்ன், பேங்க் ரவுட்டிங் நம்பர் எடுத்துட்டுப் போங்க, கணவன் மனைவி சேர்ந்து ஜாயின்ட் ரிட்டர்ன் போடறதுனா ரெண்டு பேரும் நேர்ல போங்க. சென்டர் தேட ஐஆர்எஸ் நம்பர் 800-906-9887. ஏப்ரல் நெருங்கினா ஸ்லாட் கிடைக்காது, பிப்ரவரிலயே கூப்பிடுங்க.