"புது பிரிசம்" என்று பில், உள்ளே சிகரெட் தாள்

ஒலிம்பஸ் ஓஎம்-1 ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்கள், அதைப் பழுதுபார்க்கக் கூரியரில் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது எங்கள் ஊர் ஸ்டூடியோ அண்ணாச்சி கடையை மூடியபோது கொடுத்தது. ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒன்று வரை சுத்தமாக ஓடும். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் மட்டும் குறுக்கே ஒரு கருப்புக் கோடு, ஓரமெல்லாம் புகை படிந்த மாதிரி.

இந்த மாடலுக்கு இது வழக்கமான நோய். லென்ஸ் வழியே வரும் காட்சியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டிதான் பிரிசம். அதை ஒட்டி உள்ளே கம்பெனியே ஃபோம் வைத்திருக்கிறது. ஐம்பது வருடத்தில் அந்த ஃபோம் மக்கி, தார் மாதிரி இளகி, பிரிசத்தின் ரசத்தைத் தின்றுவிடுகிறது. பழைய பீரோக் கண்ணாடியில் ரசம் போனால் எப்படி இருக்குமோ, அதேதான். படம் எடுக்கும்போது உள்கண்ணாடி மேலே தூக்கிக்கொள்வதால் ஃபிலிமில் கோடு விழாது. அண்ணாச்சி அதைக் கண்டுகொள்ளாமலே எத்தனையோ கல்யாணம் எடுத்துவிட்டார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. வெளியூரில் ஒரு கடை, பெயர் வேண்டாம். போனில் பேசியவர், "பிரிசமே மாத்திடலாம் சார், ஸ்டாக் இருக்கு" என்றார். 3,800 ரூபாய், கூரியர் தனி. பழைய பிரிசத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. நான் செய்த முதல் முட்டாள்தனம் அது.

மூன்று வாரம் கழித்து கேமரா வந்தது. கண்ணில் வைத்துப் பார்த்தேன். கருப்புக் கோடு இல்லை, சரி. ஆனால் அதே இடத்தில் பால் சிந்தியதுபோல ஒரு பட்டை. எதிர்வீட்டு ஜன்னல் கம்பிகள் மேலிருந்து நேராக வந்து, அந்தப் பட்டைக்குள் கரைந்து, கீழே மறுபடி தொடங்கின. கடைக்குப் போன் செய்தால், "பழைய கேமரா சார், இவ்வளவுதான் வரும். போகப் போக கண்ணு பழகிடும்." பழகவா நான் காசு கொடுத்தேன்?

அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். பழைய டூத் பிரஷ், சின்ன ஸ்க்ரூ டிரைவர் இரண்டோடு உட்கார்ந்து மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே பழைய ஃபோம் அப்படியே இருந்தது. விரலில் பிசுக்கென்று ஒட்டியது. ரசம் உரிந்த இடத்தில் சிகரெட் பெட்டிக்குள் வருமே, அந்த ஜிகினாத் தாளைக் கத்தரித்து ஒட்டியிருந்தார்கள். சுற்றிலும் ஃபெவிக்விக் காய்ந்த வெள்ளைப் படலம். "தம்பி, இது அவன் குடிச்ச பெட்டிதான்" என்றார் அண்ணாச்சி. சிரிப்பு வந்தது, ஆத்திரமும் வந்தது.

ரசம் என்பது கண்ணாடியோடு கண்ணாடியாகப் படிந்திருக்க வேண்டும். தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று இருக்கிறது, தாளில் சுருக்கம் வேறு. வெளிச்சம் திரும்பி வரும், பிம்பம் வராது. வெள்ளி ஸ்ப்ரே அடித்தாலும் இதே கதைதான். சரியான வழி இரண்டு: வெற்றிடத்தில் புதிதாகப் பூச்சு ஏற்றுவது, அல்லது ஷட்டர் செத்துப்போன இன்னொரு ஓஎம்-1-இல் இருந்து நல்ல பிரிசத்தை எடுத்துப் போடுவது. எதைச் செய்தாலும் பழைய ஃபோமைச் சுரண்டி எடுக்காவிட்டால் புதுசும் போய்விடும்.

கடைக்காரரிடம் எதைச் செய்யப் போகிறீர்கள், எந்தப் பழைய கேமராவிலிருந்து பிரிசம் வருகிறது என்று கேளுங்கள். போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், மேல்மூடி திறந்த நிலையில். கேமரா திரும்பி வந்ததும் லென்ஸைக் கழற்றி, உள்ளே முன்விளிம்பில் இருக்கும் சின்னக் கொக்கியை இழுத்தால், பிரிசத்துக்குக் கீழே பிம்பம் விழும் தகடான ஃபோகஸிங் ஸ்கிரீன் கீழே இறங்கும். அதை எடுத்துவிட்டு, கண் வைக்கும் ஐபீஸ் வழியே பாருங்கள். கறை அப்போதும் தெரிந்தால் அது ஸ்கிரீனில் இல்லை, பிரிசத்தில்தான்.

பணம் திரும்பவில்லை. கடைக்காரர் என் போனை இப்போது எடுப்பதும் இல்லை. ஜிகினாத் தாளை அண்ணாச்சி ஒரு ஃபிலிம் டப்பாவில் போட்டுக் கொடுத்தார். "புது பிரிசம் - 1" என்று எழுதிய பில்லையும் சுருட்டி அதற்குள்ளேயே வைத்திருக்கிறேன்.