ரெபேக்கா: துக்கம் யாருடையது என்று கேட்கவைக்கும் மர்ம நாவல்

இழப்பின் துயரத்தையும் மறைக்கப்பட்ட கடந்த காலத்தையும் கொண்டு பின்னப்படும் மர்ம நாவல்களைத் தேடிப் படிப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் சலிப்புத் தட்டிவிடுவது இயல்பு. தொடக்கத்தில் ஒரு சாவு, சற்றுத் தள்ளி ஒரு பூட்டிய அறை, நடுவில் யாரோ ஒளித்துவைத்த பழைய கடிதம், முடிவில் நெருங்கிய உறவினரே குற்றவாளி என்ற வரிசை பழகிப்போன பிறகு, அந்தப் பக்கங்களில் இறந்தவருக்காக உண்மையில் ஒருவரும் அழவில்லை என்பது புலப்படத் தொடங்கும். கதையைத் தொடங்கிவைக்கும் சாக்காக மட்டுமே துக்கம் அங்கே வந்துபோகிறது. ஐம்பது பக்கங்கள் தாண்டினால் ஆசிரியருக்கே அது நினைவிருப்பதில்லை. இந்த வகையை முதன்முதலாகப் படிக்க விரும்புபவருக்கும், படித்துப் படித்து அலுத்துப்போனவருக்கும் நான் பரிந்துரைக்கும் புத்தகம் ஒன்றே: டாஃப்னி டு மோரியே 1938இல் வெளியிட்ட 'ரெபேக்கா'.

நாவல் முழுவதும் பெயர் சொல்லப்படாத ஓர் இளம்பெண்தான் கதையைச் சொல்கிறாள். பெற்றோரை இழந்தவள், பணக்காரச் சீமாட்டி ஒருத்திக்குச் சம்பளத் தோழியாக மான்டி கார்லோவில் தங்கியிருக்கும்போது மேக்சிம் டி வின்டர் என்பவரைச் சந்தித்து, அவசர அவசரமாக அவரை மணந்து, மேண்டர்லி என்னும் அவருடைய கடலோர மாளிகைக்கு இரண்டாம் மனைவியாக வந்து சேர்கிறாள். முதல் மனைவி ரெபேக்கா படகோடு கடலில் மூழ்கி இறந்தவள். மேக்சிம் அந்த இழப்பிலிருந்து இன்னும் மீளவில்லை என்றுதான் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். வீட்டின் ஒவ்வொரு பூச்சாடியும், ஒவ்வொரு வேளை உணவுப் பட்டியலும், தொலைபேசி அருகிலிருக்கும் குறிப்பேடும்கூட ரெபேக்காவின் விருப்பப்படியே இருக்கின்றன. புதிதாக வந்தவளுக்கு அந்த வீட்டில் இடமே இல்லை.

இந்தக் கதைசொல்லி எல்லாம் நடந்து முடிந்த பிறகே, அனைத்தையும் அறிந்த நிலையில், பின்னோக்கிப் பார்த்துப் பேசுகிறாள். அப்படியிருந்தும் அவள் நம்மை ஏமாற்றுவதில்லை என்பதுதான் இந்த நாவலின் தொழில்நேர்த்தி. இன்று வரும் பல நாவல்களில் கதைசொல்லி தன் மனத்துக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பார். ஆனால் தான் செய்த முக்கியமான செயலை மட்டும் வசதியாக நினைக்காமல் விட்டுவிடுவார். கடைசியில் அது வெளிப்படும்போது நமக்கு ஏற்படுவது வியப்பன்று, எரிச்சல்தான். டு மோரியே படைத்த பெண்ணோ, தனக்குத் தெரியவந்த வரிசையிலேயே எல்லாவற்றையும் சொல்கிறாள். கண்ட காட்சிகளை மறைக்காமல் வைத்துவிட்டு, அவற்றுக்குத் தான் அப்போது கொடுத்த தவறான பொருளையும் உடன் வைக்கிறாள். அவளுடைய தாழ்வுணர்ச்சியே நம் கண்ணையும் கட்டிவிடுகிறது. தடயங்கள் அனைத்தும் தொடக்கத்திலிருந்தே நம் முன்னால்தான் கிடந்தன என்பது மறுவாசிப்பில்தான் தெரியவரும்.

இனி எழுதப்போவது கதையின் முடிச்சைத் தொடும் என்பதால், நாவலை இதுவரை படிக்காதவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிச் செல்லலாம்.

மொத்தமுள்ள 27 அத்தியாயங்களில் 20ஆம் அத்தியாயத்தை ஒட்டி, மேக்சிமின் மௌனம் துக்கமே அல்ல என்பது வெளிப்படுகிறது. அவர் ரெபேக்காவை வெறுத்தவர், அவளைக் கொன்றவர். ஊரார் அனைவரும், மனைவியும், வாசகரும் குற்றவுணர்ச்சியைத் துயரம் என்று படித்துவந்திருக்கிறார்கள், ஏனெனில் வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே முகத்தைத்தான் காட்டுகின்றன. பேச்சை மாற்றுவது, கடற்கரைக் குடிலின் பக்கம் போக மறுப்பது, காரணமில்லாமல் சீறுவது ஆகிய எல்லாமே மனைவியை இழந்தவரிடமும் காணக்கூடியவைதாம். அப்படியானால் ரெபேக்காவுக்காக யார்தான் துக்கம் அனுசரிக்கிறார்கள்? மேக்சிமின் பார்வை மங்கிய பாட்டி, புதிய மருமகளை எதிரில் வைத்துக்கொண்டே ரெபேக்கா எங்கே என்று கேட்டுத் தவிக்கும் சில வரிகள் உண்டு. மற்றபடி இந்த நாவலில் உண்மையாகத் துக்கப்படுபவள், வில்லி என்று நாமெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டு நிர்வாகி திருமதி டான்வர்ஸ் ஒருத்திதான்.

சிறு வயதிலிருந்தே ரெபேக்காவை அறிந்தவள் அவள். மேற்குப் பகுதியிலிருக்கும் படுக்கையறையை நாள்தோறும் தூசு தட்டி, இரவு உடையையும் தலைவாரும் தூரிகைகளையும் இருந்தது இருந்தபடி வைத்திருக்கும் அவளுடைய செயலைப் பைத்தியக்காரத்தனம் என்று கதைசொல்லி அஞ்சுகிறாள். ஆனால் இறந்தவரின் பொருள்களை அப்புறப்படுத்த மனம் வராதவர்கள் எத்தனையோ பேர். டான்வர்ஸுக்கு அழுவதற்கு உரிமையில்லை, அவள் சம்பளக்காரி; ஆறுதல் கடிதங்கள் மேக்சிமுக்குத்தான் வரும். வெளியேற வழியில்லாத அந்தத் துக்கம்தான் கொடூரமாகத் திரிந்து, புதிய எஜமானியைச் சன்னல் விளிம்பில் நிறுத்திக் குதித்துவிடு என்று தூண்டும் அளவுக்குப் போகிறது. பின்னர், ரெபேக்கா தன்னிடம் எதையும் மறைத்ததில்லை என்று நம்பியிருந்த அவளே, தான் கேள்விப்பட்டிராத ஒரு பெயரை எஜமானியின் குறிப்பேட்டிலிருந்து எடுத்துக் காட்ட நேர்கிறது. மற்றவர்களுக்கு அது வழக்கின் துப்பு. அவளுக்கோ இரண்டாவது சாவு. மர்மத்தை அவிழ்க்கும் தகவலே ஒருவரின் துக்கத்தை மேலும் ஆழமாக்கும் இத்தகைய இடத்தை வேறு நாவல்களில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

குறைகள் இல்லாமலில்லை. ரெபேக்காவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் கெட்ட செய்திகளில் பெரும்பகுதி அவளைக் கொன்றவரின் வாய்மொழி. அதை நாவல் போதுமான அளவு கேள்விக்கு உட்படுத்துவதில்லை. கணவர் தன் முதல் மனைவியை நேசிக்கவில்லை என்று அறிந்த கணத்தில் கதைசொல்லிக்கு ஏற்படும் நிம்மதி, கொலை என்ற சொல்லையே பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. ஆசிரியர் இதைத் தெரிந்தே செய்திருக்கிறார், நம்மையும் அந்த நிம்மதியில் பங்காளிகளாக்கிப் பார்க்கிறார் என்பது என் கணிப்பு. அந்தக் குறிப்பேட்டுப் பெயருக்குரிய லண்டன் மருத்துவரின் சான்று மேக்சிமைக் காப்பாற்றும் விதம் மட்டும் வசதிக்காக வரவழைக்கப்பட்டதுபோல் இருக்கிறது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்ற ஹிட்ச்காக்கின் 1940ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், அக்காலத் தணிக்கை விதிகளின் காரணமாக ரெபேக்காவின் சாவு தற்செயலான விபத்தாக மாற்றப்பட்டுவிட்டது. ஆகவே படம் பார்த்துவிட்டேன் என்று நாவலை ஒதுக்குவது சரியாகாது.

வேகத்தை எதிர்பார்த்து வருபவர்கள் முதல் மூன்றிலொரு பகுதியில் பொறுமை இழக்கக்கூடும். நிகழ்வுகள் குறைவு, அந்தப் பெண்ணின் கற்பனைகள் மிகுதி. யார் தன்னைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று அவள் மனத்துக்குள் நடத்திப் பார்க்கும் உரையாடல்கள் சில இடங்களில் அரைப் பக்கத்துக்கும் மேல் நீளும். அவற்றைப் படிக்காமல் தாண்டிவிட்டால் பின்பகுதியின் அடி நம்மீது விழாது. அண்மையில் நெருங்கியவர் ஒருவரை இழந்திருப்பவர், இதில் ஆறுதல் கிடைக்கும் என்று எண்ணி எடுக்க வேண்டாம். இந்த நாவல் யாரையும் தேற்றுவதில்லை. வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: செவ்வியல் நாவல்களின் பதிப்புகளில் முன்பக்கத்தில் சேர்க்கப்படும் ஆய்வு முன்னுரைகள், கதையை அறிந்தவருக்காக எழுதப்படுபவை என்பதால், முடிவைத் தயங்காமல் சொல்லிவிடும். உங்கள் பிரதியில் அப்படியொன்று இருந்தால், 27ஆம் அத்தியாயத்தை முடித்த பிறகு அதற்குத் திரும்புங்கள்.