மொட்டை மாடி வெயிலில் ஒரு கொங்கு ரயில் லேஅவுட்: எது நின்றது, எது நிற்கவில்லை

மாடல் ரயில் லேஅவுட்டுக்கு, அதாவது பலகை மேல் ஓடும் சின்ன ரயிலுக்கும் அதைச் சுற்றி அமைக்கும் ஊருக்கும், செய்த கட்டடத்தையும் மரத்தையும் பசை காயும் முன்னே போட்டோ எடுத்து, "அருமையான பொருள், தாராளமாக வாங்கலாம்" என்று எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சித்திரை வெயில், ஆடிக் காற்று, ஐப்பசி மழை மூன்றையும் அது ஒரு சுற்றாவது பார்க்கட்டும், அப்புறம் சொல்லலாம். என் லேஅவுட் இருப்பது திருப்பூரில், மொட்டை மாடி மேல் சிமென்ட் ஷீட் போட்ட அறையில். பங்குனி பிறந்துவிட்டால் மதியத்தில் உள்ளே நிற்க முடியாது. பல வருஷமாக அந்த அறையில் தாக்குப்பிடித்த பொருட்களையும் பிடிக்காதவற்றையும் பற்றித்தான் எழுதுகிறேன்.

நம்ம பக்கம் லேஅவுட் என்றதும் எல்லோரும் ஊட்டி ரயிலைத்தான் கேட்கிறார்கள். கல்லாறு, பல்சக்கரப் பாதை, குகைகள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 1க்கு 12 ஏற்றத்தை அளவு மாறாமல் பலகையில் கொண்டுவருவது தனி வேலை. எனக்குப் பிடித்தது ஈரோடு–கோவை லைன். விஜயமங்கலம், ஊத்துக்குளி, வஞ்சிபாளையம், சோமனூர் என்று போகிற வறண்ட மேட்டு நிலம். அந்த லைனில் நிஜத்தில் இல்லாத ஒரு சின்ன ஸ்டேஷனைச் சுவரோரமாக நீளப் பலகையில் அமைத்திருக்கிறேன். அளவு ஹெச்ஓ, அதாவது 87இல் ஒன்று. நம் அகலப்பாதை 1676 மில்லி, 87ஆல் வகுத்தால் 19 மில்லிக்குச் சற்று மேல் வரும். கடையில் கிடைக்கும் ஹெச்ஓ தண்டவாளமோ 16.5 மில்லி. அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டேன். ஜல்லியும் நடைமேடை உயரமும் சரியாக இருந்தால் கண் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நீளத்தில்தான் நிஜமாகவே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. 24 பெட்டி ரயில் முழுசாக நிற்கிற நடைமேடை இந்த அளவில் 6 மீட்டருக்கு மேல் வரும். என் நடைமேடையில் 6 பெட்டி நிற்கும், போதும்.

முதலில் கட்டடம். அதிகம் உழைத்தது சன்போர்டு. பேனர் கடைக்காரர்கள் போர்டு செய்கிற அதே நுரை பீவிசி அட்டைதான். துண்டு விழுந்ததைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். 3 மில்லி அட்டை சுவருக்குச் சரியாக இருக்கிறது. பேப்பர் கட்டரில் நேராக வெட்டுப்படும். மேலே பால்பாயின்ட் பேனாவை அழுத்திக் கோடு போட்டாலே கருங்கல் கட்டுமானம் மாதிரி பள்ளம் விழும். ஈரம் ஒன்றும் செய்யாது, பூச்சி தொடாது. குறை ஒன்றே ஒன்று, வெயிலில் விரியும். மில் சுவர் மாதிரி ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரே துண்டாக ஒட்டினால், காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் ஒரு மில்லிக்கு மேல் நீண்டு நடுவில் வயிறு தள்ளும். அதனால் நீளச் சுவரை மூன்று நான்கு துண்டாக்கி, சந்துகளில் இடைவெளி விட்டு, அதன் மேல் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய தூணை வைத்து மறைத்துவிடுவேன். இன்றுவரை ஒரு சுவரும் வளையவில்லை.

லேசரில் வெட்டிய எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) கிட்கள் பார்க்க நேர்த்தி, ஆனால் ஐப்பசியில் ஓரங்கள் தண்ணீர் குடித்து உப்பிவிடும். ஒட்டும் முன்பே எல்லா ஓரத்துக்கும் சாண்டிங் சீலர் இரண்டு கை அடித்தால் பிழைக்கும். பிரின்ட் எடுத்து ஒட்டுகிற அட்டை வீடுகளை ராமபாணப் பூச்சி அரித்துவிடுகிறது, அதுவும் மைதாப் பசை போட்டிருந்தால் விருந்துதான். தெர்மாகோலை மேடு, கரை அமைக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். இன்ஸ்டன்ட் பசையும் ஸ்பிரே பெயின்டும் அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும், ஃபெவிகால்தான் அதற்கு ஏற்றது. 3டி பிரின்டில் வருகிற பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி பக்கம் போனால் இளகும். என் அறையில்கூட அவ்வளவு சூடு ஏறுவதில்லை, வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறும். ஈரோட்டிலிருந்து நண்பர் ஒருவர் ஆசையாகச் செய்து கொண்டுவந்த நீர்த்தொட்டி, சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கும்போது நான்கு காலும் மடங்கிக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது.

ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு நூல் மில். கொங்கு நாட்டுக்கு மில் இல்லாத லேஅவுட் எப்படி? பழைய மில்லின் கூரை ரம்பப் பல் மாதிரி வரிசையாக ஏறி இறங்கும். பல்லின் செங்குத்துப் பக்கம் கண்ணாடி, சாய்வுப் பக்கம் ஓடு அல்லது ஷீட். கண்ணாடி வடக்கே பார்த்திருக்கும், நேர் வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் இறங்குவதற்காக. ஈரோடு–கோவை லைன் கிட்டத்தட்டக் கிழக்கு மேற்காகப் போகிறது. நான் தெற்கிலிருந்து பார்க்கிற மாதிரி லேஅவுட் அமைந்திருப்பதால் தெரிவதெல்லாம் சாய்வுப் பக்கம்தான். கண்ணாடிச் சட்டம் செய்கிற வேலை மொத்தமும் மிச்சம்! இன்னொன்று, மில் என்றதும் உயரமாக ஒரு புகைபோக்கியை நட்டுவிடத் தோன்றும். அது நீராவி இன்ஜினில் ஓடிய பழைய மில்லுக்குச் சரி. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தபின் எழுந்த மில்லுக்கு அந்தத் தேவை இல்லை. என்னுடையது பைக்காராவுக்குப் பிந்தைய மில், எனவே புகைபோக்கி கிடையாது. யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுவேன்.

கூரை ஷீட்டுக்கு வெளிநாட்டு நெளிதகடு வாங்கிப் பார்த்தால் விலை கூடுதல், நெளிவும் நம் சிமென்ட் ஷீட் அளவுக்கு இருப்பதில்லை. சிமென்ட் ஷீட்டின் ஒரு நெளிவிலிருந்து அடுத்த நெளிவுக்கு 146 மில்லி. 87ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1.7 மில்லி. இதற்கு ஹார்டுவேர் கடையிலேயே கருவி இருக்கிறது: எம்12 ஃபுல் த்ரெட் ராடு, அதாவது நீளம் முழுக்க மரை போட்ட 12 மில்லி கம்பி. அதன் மரை இடைவெளி 1.75 மில்லி. பிரியாணி பார்சல் வருகிற அலுமினியப் பெட்டியின் அடித்தகட்டை வெட்டி, பழைய சைக்கிள் ட்யூப் ரப்பர் மேல் விரித்து, ராடை அழுத்தி ஒரே ஒரு தடவை உருட்ட வேண்டும். திரும்ப உருட்டினால் கோடு இரட்டித்துவிடும். மரை சற்றே சாய்ந்து ஓடுவதால் நெளிவும் சாய்ந்து விழும், அந்தச் சாய்வுக்கு ஏற்ப ஓரத்தை வெட்டிக்கொண்டால் தெரியாது. வண்ணத்துக்கு முன் மெட்டல் பிரைமர் ஒரு கை அவசியம். அது இல்லாத துண்டில் அடித்த பெயின்ட் அடுத்த கோடையிலேயே சுருண்டு உரிகிறது. பிரைமர் அடித்தவை அப்படியே இருக்கின்றன. பணம் குறைவாகச் செலவாகி நிறைவு அதிகம் தந்த வேலை இதுதான்.

இனி நிலம். ஐரோப்பியச் செட்களில் வருகிற கரும்பச்சைப் புல்லும் ஊசியிலை மரமும் காங்கேயம், ஊத்துக்குளி பக்கத்து நிலத்துக்குச் சம்பந்தமே இல்லாதவை. இங்கே உள்ளது கொறங்காடு: கிளுவை வேலி கட்டிய மேய்ச்சல் நிலம், உள்ளே குடை விரித்த வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல். இரண்டு வேலிக்கு நடுவே செம்மண் இட்டேறி. வருஷத்தில் பெரும்பாலும் இது பச்சையாக இருக்காது, வைக்கோல் நிறம்தான். தண்டவாளத்தோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். அதை வைக்காவிட்டால் எந்த ஸ்டேஷனும் நம்பும்படியாக இருக்காது.

மண்ணுக்கு மண்தான். தோட்டத்துச் செம்மண்ணை மாவுச் சல்லடையில் சலித்து, வாணலியில் நன்றாக வறுத்து, காந்தத்தை நாலு தடவை மேலே ஓட்டிவிட்டுத்தான் பயன்படுத்துவேன். வறுத்தால் பூச்சி முட்டை, பூஞ்சை போகும். காந்தம் இரும்புத் துகளை எடுத்துவிடும், இல்லாவிட்டால் அது இன்ஜின் மோட்டாருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். கோவையில் ஃபவுண்டரி மணல் கிடைக்கிறதே என்று எடுத்து வருகிறவர்கள் இந்தக் காந்த வேலையை இரண்டு மடங்கு செய்ய வேண்டும். ஃபெவிகால் தண்ணீர் பட்டதும் செம்மண் கறுத்துவிடும், காய்ந்தாலும் பழைய நிறம் முழுசாகத் திரும்பாது. கொஞ்சம் வெள்ளைச் சிமென்ட் கலந்து வெளிறலாகவே தூவினால் சரியாக வரும்.

ஜல்லியும் அப்படித்தான். நிஜ ஜல்லி 65 மில்லி என்றால் இங்கே முக்கால் மில்லி. எம்-சாண்டை இரண்டு சல்லடையில் சலித்து, நடுவில் தங்குவதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், ஊசியில்லா சிரிஞ்சில் ஓரத்திலிருந்து விட வேண்டும். திரவம் சேர்க்காவிட்டால் பசை முத்தாக உருண்டு ஜல்லியைக் கலைக்கும். இப்படி ஒட்டியது ஒரு கல்கூட அசையவில்லை.

கிளுவை வேலிதான் நான் ரொம்ப நேரம் செலவழித்த இடம். பல பொருட்களைப் பார்த்த பிறகு நிலைத்தது பீர்க்கங்காய் நார். முற்றிய கூட்டைப் பிரித்து, விரல் அகலத்துக்குக் கிழித்து நிற்க வைத்தால், குச்சி குச்சியாகப் பின்னிய இலையில்லாத வேலி அப்படியே கிடைக்கும். சாம்பல் கலந்த பழுப்பு அடித்து, அங்கங்கே மட்டும் பச்சைத் துகள். ஓரிடத்தில் வேலி சாய்ந்து, ஆடு நுழைய முள் ஒதுங்கியிருக்கும். அந்த ஓட்டையைத்தான் வருகிறவர்கள் முதலில் கவனிக்கிறார்கள். தென்னைக்குக் கோழி இறகை வெட்டி ஓலையாக்கியது பார்க்கப் பிரமாதம், ஆனால் வண்டுப் புழு தின்றுவிடுகிறது. இப்போது எல்லாம் காகித ஓலைதான். 18 மீட்டர்த் தென்னை 21 சென்டிமீட்டர் வரும். வெளிநாட்டு பிளாஸ்டிக் தென்னை பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. காய்ந்த டீத்தூளைச் சருகுக்குப் போடுவார்கள், மழை மாதத்தில் பூசணம் பூக்கும், எனக்குப் பிடிக்கவில்லை. அதே வேலைக்குப் பொள்ளாச்சிப் பக்கம் கயிறு ஆலைகளில் கிடைக்கும் தேங்காய் நார்த்துகள் நன்றாகவே நிற்கிறது.

புல்லுக்கு நைலான் ஃப்ளாக்கை, அதாவது பொடியாக வெட்டிய நைலான் இழையை, நிலைமின்சாரத்தால் நிமிர்த்தி நிற்க வைக்கிற ஸ்டாடிக் கிராஸ் முறை. அதற்கான கருவியைக் கொசு பேட்டைப் பிரித்தே செய்யலாம், ஆனால் கன்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும், இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஃப்ளாக் வாங்க நான் எங்கும் போகவில்லை. டீ-ஷர்ட்டில் வெல்வெட் மாதிரி ஃப்ளாக் பிரின்ட் போடுகிற ஊர் இது. பிரின்டிங் பட்டறைக்காரர் சிரித்துவிட்டார்: "என்னங்ணா, பொம்மை ரயிலுக்குப் புல்லுங்களா?" பிரின்டிங் ஃப்ளாக் குட்டையானது, ஒரு மில்லிக்கும் குறைவு. ஆடு மேய்ந்துவிட்ட கொறங்காட்டுக்கு அந்த உயரமே பொருத்தம். நீளப் புல் வேண்டிய இடத்துக்கு மட்டும் 4 மில்லி ஃப்ளாக்கைக் கடையில் வாங்கினேன்.

நிறத்திலும் பனியன் ஊர்ப் பாடம் உதவியது. மரத்தூளைச் சாயத்தில் நனைத்துப் பச்சையாக்கினால் ஜன்னலோரத்தில் ஒரே கோடையில் வெளுக்கிறது. துணிக்கு அச்சடிக்கிற பிக்மென்ட்டில் நிறம் போட்டது நிற்கிறது. ஸ்டேஷன் பெயர்ப் பலகை, மில் சுவர் விளம்பரம், சினிமா போஸ்டர் எல்லாவற்றுக்கும் லேசர் பிரின்ட் எடுங்கள். சாதாரண இங்க்ஜெட்டில் எடுத்த மஞ்சள் பலகை வெள்ளையாகிவிடும்.

மேல்நிலை மின்கம்பிக்கு லைக்ரா நூல் போட்டிருக்கிறேன். கை பட்டாலும் அறாது, திரும்ப இழுத்துக்கொள்ளும், பனியன் கம்பெனிகளில் கோன் கோனாக இருக்கிறது. முதல் இரண்டு வருஷம் இதைவிட நல்லது இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் இழுவை போய்த் தொய்கிறது. கம்பி தண்டவாளத்திலிருந்து 63 மில்லி உயரத்தில் இருக்க வேண்டும், இப்போது நடுவில் பெட்டிக் கூரையைத் தொடுகிறது. வருகிற மார்கழியில் மொத்தத்தையும் கழற்றிவிட்டு மெல்லிய பாஸ்பர் பிரான்ஸ் கம்பி இழுக்கப் போகிறேன்.

பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியில் வருகிற காற்று எந்த ஜன்னலையும் மதிப்பதில்லை. பழைய வேட்டியை மூங்கில் வளைவு மேல் போர்த்தி வைக்கிறேன். தூசியைத் துடைக்க ஒப்பனைப் பிரஷ், கூடவே வேக்குவம் குழாயின் வாயில் பனியன் துணி கட்டி மெதுவாக உறிஞ்ச வேண்டும். பிய்ந்து வருகிற மரமும் ஆடும் துணியில் தங்கிவிடும். கூரைக்குக் கீழே வெப்பத் தடுப்பு ஷீட் அடித்த பிறகு சுவர், பெயின்ட், தண்டவாளம் மூன்றின் தொல்லையும் பாதியாகிவிட்டது. அந்தச் செலவை முதலில் செய்வது நல்லது, மில்லும் மரமும் அப்புறம் வரட்டும்.

ஃப்ளாக்கை எனக்குக் கிலோக் கணக்கில்தான் கொடுத்தார்கள். அரைக் கிலோ என் லேஅவுட்டுக்கே அதிகம். பச்சையில் நிறைய மிச்சமிருக்கிறது. வைக்கோல் நிறம் தீர்ந்துபோய்விட்டது, அது வைத்திருக்கிறவர்கள் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.