கிராண்ட்ஆர்க்: பாம்பன் கரையிலும் பாக், பிராங்க் பழகலாம்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கக் கிறிஸ்தவக் கோவில்களில் கீபோர்டு வாசிப்பவர்கள் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கையும், அவரைப் படித்து வளர்ந்த பிராங்க், ஃபோரே போன்ற பிரெஞ்சு இசையமைப்பாளர்களையும் குழல் ஆர்கன் ஒலியிலேயே பழக, காசில்லாமல் கிடைக்கும் நல்ல கணினி மென்பொருள் கிராண்ட்ஆர்க்.

யுஎஸ்பி மிடி (எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்று கணினிக்குச் சொல்லும் இணைப்பு) உள்ள 61 கட்டை கீபோர்டும் 8 ஜிபி ராம் லேப்டாப்பும் தொடங்கப் போதும். ராம் திணறினால் சாம்பிள்களை, அதாவது நிஜ ஆர்கனில் பதிந்த குழல் ஒலிகளை, 16 பிட்டில் ஏற்றுங்கள். கீபோர்டில் அதன் சொந்த ஒலியை நிறுத்தும் 'லோக்கல் ஆஃப்' செய்யாவிட்டால் இரண்டு ஒலி சேர்ந்து கேட்கும். விண்டோஸில் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவர் போடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (ஒலியைச் சேர்த்து அனுப்பும் அளவு) 256 என்றால் அதனால் வரும் தாமதம் 5 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல், ஒலி கரகரத்தால் 512 வையுங்கள்.

பாக்கின் சி மைனர் பாஸக்காலியாவையும் (ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும் இசை), பிராங்க் தாம் இறந்த 1890-இல் ஆர்கனுக்கு எழுதிய இரண்டாம் கோரால் என்ற படைப்பையும் அடுத்தடுத்து எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் மெட்டு முதலில் பெடலில், அதாவது காலால் வாசிக்கும் கட்டைகளில், வருகிறது. மாறுதல்கள் அதன்மேல் அடுக்கடுக்காக ஏறுகின்றன. பாக்குக்கு ஸ்டாப் (எந்தக் குழல் வரிசை ஒலிக்க வேண்டும் என்ற) தேர்வு போதும். பிராங்குக்கு, ஒலியை மெல்லக் கூட்டிக் குறைக்கும் ஸ்வெல் பெட்டி வேண்டும். காலால் மிதிக்கும் எக்ஸ்பிரஷன் பெடலை அதற்கு இணைக்காவிட்டால் ஒலி ஏறி இறங்காது, கோரால் செத்துவிடும்.

பெரிய குறை, கீபோர்டில் காலுக்குக் கட்டை இல்லாதது. பெடல்போர்டு (கால் கட்டைப் பலகை) வாங்காமல் இந்த இரண்டையும் முழுசாக வாசிக்க வழியில்லை. அதுவரை, பிராங்க் ஹார்மோனியத்துக்கென்றே எழுதிய 'லோர்கனிஸ்த்' துண்டுகளைப் பழகலாம். அவற்றுக்குப் பெடல் தேவையில்லை.

பாடகர் குழுவுக்கு ஃபோரேயின் 'கான்டிக் து ழான் ரசீன்' அருமையான தேர்வு. பாக்கின் இசையையும் பழைய கத்தோலிக்க வழிபாட்டு இசையான கிரகோரியப் பாடலையும் ஊட்டி வளர்த்த, பாரிஸின் நீடர்மேயர் இசைப் பள்ளியில் அவர் படித்தபோது எழுதி, 1865-இல் பரிசு வாங்கிய நாலு குரல் பாட்டு. கிராண்ட்ஆர்க்கில் பேஸ் கப்ளரைப் போட்டால், கையால் வாசிக்கும் மிகக் கீழ் ஸ்வரம் பெடலின் 16 அடிக் குழலிலும் (ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது) சேர்ந்து முழங்கும். துணைவாசிப்பு மும்மூன்று ஸ்வரமாக ஓடுவதால், எதிரொலி சேர்த்துப் பதிந்த சாம்பிள் கோவிலின் சொந்த எதிரொலியோடு கலந்து குழம்பும். எதிரொலி இல்லாத சாம்பிளே நல்லது.

உப்புக்காற்றில் யுஎஸ்பி முனை களிம்பேறும், கட்டைக்கு அடியிலுள்ள கார்பன் ரப்பரும் கெடும். அழுத்தியும் ஒலிக்காத கட்டையின் அடிப்பகுதியை ரிப்பேர்காரரிடம் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் தங்கும். மூடப் பருத்தித் துணியும், ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல்லும் போதும். கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், ஸ்பீக்கர் நின்றுவிடும். ஸ்பீக்கரையும் கீபோர்டு அடாப்டரையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டிவிடுங்கள்.