உறைமழை நாளில் கைகொடுத்த பொருவிளங்காய்: காரைக்குடிப் பலகாரக் கடை பற்றி

காரைக்குடியில் கொப்புடையம்மன் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு பழைய வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் பலகாரம் செய்து விற்கிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது. விறகடுப்பு இரண்டு, பெண்கள் ஆறு பேர், நடத்துகிற ஆச்சி ஒருவர். இங்கே வாங்கியதைக் கனடாவின் மாண்ட்ரியாலில் ஒரு பனிக்கட்டிப் புயலின் நடுவே சாப்பிட்டிருக்கிறேன். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்கு அந்த அனுபவம் பயன்படும் என்றே எழுதுகிறேன்.

2023 ஜனவரியில் மகளின் இரண்டாவது பேற்றுக்காக அங்கே போனேன். பெட்டியில் மருந்துச் சாமான் போக, இந்தக் கடையில் வாங்கிய ஒன்பது கிலோ பலகாரம் இருந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்து, "இவ்வளவு எதற்கு அத்தை, இங்கே எல்லாம் கிடைக்கிறதே" என்றார். ஏப்ரல் 5, புதன்கிழமை, அவரே அந்த டப்பாக்களை எடுத்து வரிசையாக வைத்தார்.

அன்று பெய்த உறைமழை பார்ப்பதற்கு நம் ஊர் மழை மாதிரிதான் இருந்தது. மேலே வெதுவெதுப்பான காற்று, தரையை ஒட்டிப் பூஜ்யத்துக்கும் கீழான குளிர். துளி தண்ணீராகவே இறங்கி, தொட்ட இடத்தில் கண்ணாடியாக இறுகிவிடுகிறது. மதியத்துக்குள் வாசல் மரத்தின் ஒவ்வொரு குச்சிக்கும் பனிக்கட்டி உறை. பிறகு கிளைகள் முறியும் சத்தம், வெடி வெடிப்பதுபோல, தெரு முழுக்க. மின்கம்பிமேல் அவை விழ விழ விளக்குகள் அணைந்தன. கியூபெக் மாகாணத்தில் பத்து லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் மின்சாரம் போனது. பக்கத்து வீட்டு அம்மையார் 1998 ஜனவரிப் புயலைப் பார்த்தவர். அப்போது சுமார் ஆயிரம் மின்கோபுரங்களே மடங்கி விழுந்தன. சில ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

2018-இல் கஜா புயலின்போது நான் கோனாபட்டில் பிறந்த வீட்டில் இருந்தேன். பல நாள் கரண்ட் இல்லை. ஆனால் விறகடுப்பு எரிந்தது, வீட்டு உள்முற்றமான வளவில் உட்கார்ந்து சுடுசோறு சாப்பிட்டோம். மகள் வீட்டில் அடுப்பும் மின்சாரம், வீட்டைச் சூடாக்குவதும் மின்சாரம். "ஒரு கும்முட்டிக் கரியடுப்பு இருந்தால் போதுமே" என்று நான் சொன்னபோது மாப்பிள்ளை பதறிவிட்டார். சன்னல் கதவெல்லாம் இறுக மூடிய வீட்டில் கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

எச்சரிக்கை முதல்நாளே வந்துவிட்டதால் மற்ற ஏற்பாடுகளை அவர்கள் ஒழுங்காகச் செய்திருந்தார்கள்: டார்ச், சார்ஜ் ஏற்றிய போன்கள், நிரப்பிய தண்ணீர்ப் பாட்டில்கள், மரத்தடியிலிருந்து நகர்த்திய கார். ஒரே அறையில் எல்லோரும் படுத்து, சன்னலுக்குக் கம்பளி கட்டினோம். ஆனால் தீ இல்லாமல் சாப்பிட என்ன இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. பிரெட் இருந்தது, அதுவும் மறுநாள் காலையோடு தீர்ந்தது. வெள்ளி இரவு கரண்ட் வரும்வரை, நாற்பது நாள் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற மகளும் ஐந்து வயதுப் பேரனும் இந்தக் கடைப் பலகாரத்தைத்தான் சாப்பிட்டார்கள்.

அதில் முதல் மதிப்பெண் பொருவிளங்காய் உருண்டைக்கு. புழுங்கலரிசி, கோதுமை, பாசிப்பருப்பு மூன்றையும் தனித்தனியே சிவக்க வறுத்துத் திரித்து, சுக்கும் ஏலமும் சேர்த்து, முற்றிய வெல்லப்பாகில் பிடிக்கிறார்கள். வெளியூருக்கு என்று சொன்னால் தேங்காய்ப்பல் போடுவதில்லை. ஈரம் இல்லாததால் மூன்று மாதம் ஆகியும் மணம் மாறவில்லை. ஓர் உருண்டையும் ஒரு டம்ளர் தண்ணீரும் இரண்டு மணி நேரத்துக்குப் பசி தாங்கும். சுக்கு இருப்பதால் பேறு கண்டவளுக்கும் ஏற்றது. கல்போல இருக்கும் என்பது உண்மை. பேரனுக்குத் துணியில் சுற்றிப் பூரிக்கட்டையால் தட்டிக் கொடுத்தேன். பல் வலுவில்லாத பெரியவர்கள் முழுசாகக் கடிக்க வேண்டாம்.

மாவுருண்டை ருசியில் அதைவிட மேல். பாசிப்பயற்று மாவு, சீனி, நல்ல நெய். ஆனால் அறை 13 டிகிரிக்கு இறங்கியதும் நெய் உறைந்து உருண்டை இறுகிப்போனது. உள்ளங்கையில் சற்று நேரம் பொத்தி வைத்தால் இளகிவிடும். தேன்குழலும் கைமுறுக்கும் கடலை எண்ணெயில் சுட்டவை. சிக்கு வாடை துளியும் இல்லை.

சீப்புச் சீடையில்தான் எனக்கு வருத்தம். இங்கே சுட்ட சூட்டில் தின்றால் காரைக்குடியில் இதற்கு இணை கிடையாது என்பேன். தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைவதால் மூன்றாம் மாதம் காறல் அடித்தது. அதை வாங்கும்போதே ஆச்சி சொல்லியிருக்க வேண்டும். அதிரசமும் அப்படித்தான், ஒரு மாதத்துக்குள் தின்றுவிட வேண்டிய பண்டம். இன்னொரு குறை, பொட்டலத்தில் சுட்ட தேதி எழுதுவதில்லை. மெல்லிய பிளாஸ்டிக் உறையில் கட்டித் தருவதால் முறுக்கில் பாதி நொறுங்கிவிடுகிறது. நான் இப்போது எவர்சில்வர் தூக்கைக் கையோடு கொண்டுபோய் விடுகிறேன்.

விலை சற்று அதிகம்தான். போன முறை பொருவிளங்காய் கிலோ 420 ரூபாய், மாவுருண்டை 560. பெரிய கடைகளில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும். ஆனால் இப்படி அவசரப்படாத வறுப்பை அங்கே நான் கண்டதில்லை. ஒரு வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும், பணமாகவே கொடுக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை அடுப்பு மூட்டுவதில்லை.

ஊர் திரும்பியதும் ஆச்சியிடம் நடந்ததைச் சொன்னேன். சீடை காறியதைக் கேட்டு முகம் வாடிவிட்டார். "கரண்ட் இல்லாத ஊரில் என் உருண்டையா, ஆச்சி, பிள்ளைக்குச் சோறு?" என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். அதன்பின் ஒவ்வோர் ஐப்பசியிலும் மகளுக்குப் பார்சல் போகிறது: பொருவிளங்காய் மூன்று கிலோ, தேன்குழல் ஒரு கிலோ, கூடவே சிவப்பு அவலும் பொடித்த வெல்லமும். அவலுக்குப் பச்சைத்தண்ணீர் போதும். மகள் அதை டார்ச், பாட்டரி இருக்கிற அதே அலமாரியில் வைக்கிறாள். இந்த முறை தேதி எழுதி ஒட்டித் தருவதாக ஆச்சி சொல்லியிருக்கிறார். சீடை மட்டும் நான் நேரில் போகும்போதுதான்.